பழைய வண்டியில் லைட் மங்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மார்கழி இரவு, பனிமூட்டத்தில், எங்கள் பழைய அம்பாசடரின் ஹெட்லைட் பாதி மலையில் மங்கிவிட்டது. மறுநாள் சேலத்தில் ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அப்புறம் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் மாற்றினேன், மங்கல் போகவில்லை. கடைசியில் பார்த்தால் லைட்டின் எர்த் ஒயர், அதாவது கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் ஒயர், பாடியில் சேரும் போல்ட்டில் துரு! தோட்டத்து ஜீப்புகளுக்கும் மலை ஈரத்தில் இது சீக்கிரம் வரும்.

அதனால் காசு செலவழிக்கும் முன் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியைப் பாருங்கள்: 12.6 வந்தால் நல்ல சார்ஜ். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

சரி, இரண்டும் நன்றாக இருந்தும் லைட் மங்கலா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை பல்பின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை, 0.5-ஐத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டை எடுத்து, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டையையும் விடாதீர்கள். அது கெட்டால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் கேபிளே சூடாகும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? பெரிய ஃபியூஸோ சிகரெட் பெட்டித் தாளோ வைக்கவே வைக்காதீர்கள், ஒயர் எரியும். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அந்த ஃபியூஸின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது அணைகிறதோ ஷார்ட் அந்தப் பக்கம். மட்கார்டு ஓரத்திலும் டிக்கி கீல் பக்கத்திலும் ஒயர் உரசித் தேய்ந்திருக்கும், அங்கே முதலில் தேடுங்கள்.

எர்த் சரியான பிறகும் வெளிச்சம் போதவில்லையென்றால் ரிலே போடுங்கள். ஸ்விட்சிலிருந்து வரும் சின்ன கரன்ட்டில் இயங்கி, லைட்டுக்கான பெரிய கரன்ட்டை பேட்டரியிலிருந்து நேராக விடும் பெட்டி அது. 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர், அத்தனையும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போவதுதான் பழைய வண்டிகளில் ஸ்விட்ச் சூடாகக் காரணம். பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.