பிள்ளைகளுக்கு மின்மினி காட்ட: கொழும்பில் எப்போது, எங்கே, எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீட்டில் வளரும் பிள்ளைக்கு மின்மினி வெறும் பாடப்புத்தகப் படம். ஊரில் அம்மம்மா வீட்டு வளவுக்கு அது தானாக வந்தது. இங்கே தேடிப் போக வேண்டும். மின்மினி வாழ ஈரமண், நத்தை, இருட்டு மூன்றும் தேவை. ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட கொழும்பில் முதல் இரண்டுக்கும் குறைவில்லை. இருட்டுக்குத்தான் பஞ்சம். ஆகவே முதலில் தேட வேண்டியது பூச்சியை அல்ல, இருட்டை.

நாளைத் தெரிவு செய்ய வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டர் போதும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, முந்திய பத்து நாளும் வேண்டாம். பொழுது படும்போதே நிலவு வானத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி எடுபடாது, பல இனங்கள் பறப்பதையும் குறைத்துவிடும். போயா கழிந்தபின் நிலவு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும். மூன்றாம் நாள் அது எழ இரவு எட்டரை தாண்டிவிடும்; அதற்குள் வேலை முடிந்துவிடும். போயாவுக்குப் பின் மூன்றாம் நாள் தொடங்கி, அமாவாசை கழிந்து நாலாம் நாள் வரை நல்ல காலம். அதற்குள் மழை பெய்து ஓய்ந்த, காற்றில்லாத, புழுக்கமான ஒரு பின்னேரத்தைப் பிடியுங்கள். ஏப்ரல் லீவில் இடிமழை நாலு மணிக்குள் விட்டுவிட்டால் அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தொடர்ந்து வெயில் எறித்து மண் வறண்ட கிழமையில் போனால் வெறுங்கண்ணோடு திரும்ப வேண்டியதுதான்.

இடம் பார்க்கப் பகலில் ஒரு தடவை போக வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். தியசரு, பெத்தகான போன்ற ஈரநிலப் பூங்காக்கள் இருட்டுமுன் மூடுபவை. இரவில் அங்கே நிற்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட தலங்கம குளத்தை அண்டிய வயற்கரை ஒழுங்கைகள், பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலத்தின் வெளி ஓரங்கள், பிலியந்தலை, ஹோமாகம, ஹங்வெல்லப் பக்கம் மரங்கள் அடர்ந்த காணிகள் ஆகியவை தேட ஏற்றவை. அந்தப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அவர்களுடைய பின்வளவே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. பகலில் நான்கைக் கவனியுங்கள்: தெருவிளக்குக் கம்பம் கண்ணுக்கு எட்டாத மூலை, கூட்டாத சருகு, முழங்காலளவு புல், பக்கத்தில் ஈரம். அயலவரிடம் கேட்டுப் பாருங்கள். சிங்களத்தில் இதைக் 'கணாமெதிரியா' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த மரத்தடி என்று கைகாட்டி விடுவார்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு நீளக் காற்சட்டை, மேஸ், மூடிய சப்பாத்து. செருப்போடு வயற்கரைக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். பாம்புக்கு மட்டும் சொல்லவில்லை. காலில் கீறல் இருந்தால் சேற்றுநீரால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். குளம், வாய்க்கால் கரையோரமாகப் போகவே வேண்டாம், கொழும்புச் சதுப்புகளில் முதலை உண்டு. நுளம்பு மருந்தை வீட்டிலேயே காலிலும் உடுப்பிலும் பூசுங்கள். உள்ளங்கையில் பூசக்கூடாது. பூச்சியை விரட்டும் மருந்து, பிடித்த மின்மினியையும் வாட்டும்.

டோர்ச் ஒன்று போதும். அதன் கண்ணாடியைச் சிவப்புச் செல்லோபேன் தாளால் மூன்று மடிப்பாக மூடி இறப்பர் பாண்ட் போடுங்கள். சிவப்பு வெளிச்சம் மின்மினியை மிகக் குறைவாகவே குழப்பும், இருட்டுக்குப் பழகிய நம் கண்ணையும் கெடுக்காது. ஒரு மடிப்பு மட்டும் போட்டால் வெள்ளை கசியும். கைத்தொலைபேசி பெரியவர் ஒருவரின் பைக்குள் இருக்கட்டும். குறுஞ்செய்தி பார்க்க ஒருவர் திரையைத் திறந்தாலே எல்லோருடைய கண்ணும் பழையபடி முதலிலிருந்து பழக வேண்டி வரும்.

பொழுது படும்போது அங்கே நிற்க வேண்டும். ஏப்ரலில் அது ஏறக்குறைய 6.15, ஓகஸ்ட் தொடக்கத்தில் 6.25, நவம்பரில் 5.50. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பிள்ளைகள் சலித்துப்போவது இந்த அரைமணியில்தான், கதைக்கு ஏற்ற நேரமும் இதுதான். தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண் உருண்டையில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றுகிறது என்று அம்மம்மாமார் சொல்வார்களே, அதைச் சொல்லுங்கள். கூட்டுக்குள் களிமண் ஒட்டுவது உண்மை, விளக்கு கதை. மின்மினி ஈயல்ல, வண்டு என்பதையும் சொல்லுங்கள். அதன் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேர்ந்து ஒளிர்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியம் அதை நடத்துகிறது. சூடு அநேகமாக வராது, தொட்டால் சுடாது. பறந்து பறந்து மினுக்குவது பெரும்பாலும் ஆண். பெண் புல்லிலோ இலையிலோ இருந்து பதில் மினுக்கும். ஆகவே மேலே மட்டும் பார்க்காமல் முழங்கால் உயரத்திலும் தேடச் சொல்லுங்கள். நிலத்தில் விடாமல் ஒளிர்வது கண்ணில் பட்டால் அது புழுவாக இருக்கலாம், சிறகில்லாத பெண்ணாகவும் இருக்கலாம்.

முதல் மினுக்கு தெரிந்ததும் ஓட வேண்டாம். அசையாமல் நின்றால் அருகில் வரும்.

பிடித்துப் பார்க்கும் ஆசையைத் தடுக்கத் தேவையில்லை, முறையாகப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தால் சரி. இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்துக் கீழிருந்து ஏந்த வேண்டும். விரலால் கிள்ளினால் மென்மையான உடல் நசுங்கிவிடும். கழுவிய ஜாம் போத்தலுக்குள் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டு ஒன்றும் ஒரு பச்சை இலையும் போடுங்கள். வாயை மெல்லிய துணியால் மூடிக் கட்டலாம். தகர மூடியில் ஆணியால் துளை போட்டால் உள்ளே நீட்டும் கூர்விளிம்பு பூச்சியைக் கிழிக்கும். போத்தலுக்கு இரண்டு மூன்று போதும், 15 நிமிடம் போதும். பிடித்த இடத்திலேயே திறந்து விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் காலையில் இறந்து கிடக்கும். பிள்ளை அதைப் பார்த்து அழுவதைத் தவிர பயன் இல்லை. வளர்ந்த மின்மினி வாழ்வதே சில வாரம், அதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும். சில இனங்களின் உடலில் கசப்பான நச்சு உண்டு, ஆகவே கை கழுவிய பிறகே கச்சான்.

வளவு உள்ளவர்கள் மின்மினியை வரவழைக்கவும் முயலலாம். ஒரு மீற்றர் சதுர நிழல் மூலையில் சருகை 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குவித்து, உக்கிய தென்னம் பொச்சுமட்டையை இடையில் வைத்து, மழையில்லாத நாட்களில் பின்னேரம் நீர் தெளியுங்கள். நனைய வேண்டும், தேங்கக் கூடாது. சிரட்டையும் கிண்ணமும் அங்கே கிடந்தால் டெங்கு நுளம்புக்குத்தான் விருந்து. மின்மினி தன் வாழ்வின் பெரும்பகுதியைப் புழுவாக இந்தச் சருகுக்கடியில் நத்தையையும் ஓடில்லா நத்தையையும் தின்று கழிக்கும். இலங்கையில் வாழும் லாம்ப்ரிஜெரா டெனிப்ரோசா என்ற பெரிய இனத்தின் புழு, மரக்கறிப் பாத்தியை அழிக்கும் ஆப்பிரிக்க நத்தையையே தின்னும். நத்தைக் குளிகை போட்டால் அந்த இரையை நாமே பறித்துவிடுகிறோம். பூச்சிநாசினியும் புகையடிப்பும் அப்படியே. டெங்குக்காகப் புகையடிக்க வருபவர்களைத் தடுக்கக்கூடாது. தேங்கிய நீரை நாமே அகற்றி வைத்தால் அதற்குத் தேவை குறையும். வளவு விளக்கை ஏழு மணி முதல் ஒன்பது வரை அணையுங்கள். அணைக்க முடியாதென்றால் வெள்ளை எல்ஈடியை மாற்றி மங்கலான மஞ்சள் விளக்கை நிலம் நோக்கிப் பொருத்துங்கள். ஈர வயலோ சதுப்போ அருகில் இல்லாத வளவுக்கு அவை வந்து சேர்வது அரிது. இருந்தால், முட்டை புழுவாகிப் புழு வண்டாக மாதக்கணக்கு ஆகும். அதுவரை அந்த மூலையைக் கூட்டவோ கிளறவோ வேண்டாம்.