நிலக்கரியையும் கழிவையும் சேர்த்துச் செயற்கை எரிபொருள் தயாரிக்கும் முறை

நிலக்கரியைத் திரவ எரிபொருளாக மாற்றுவதில் அடிப்படையான சிக்கல் ஹைட்ரஜன் பற்றாக்குறையே ஆகும். நிலக்கரியில் நூறு கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ எண்பது ஹைட்ரஜன் அணுக்களே உள்ளன. டீசலிலோ அந்த எண்ணிக்கை இருநூறை நெருங்குகிறது. இக்குறையைப் போக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனை நேரடியாக நிலக்கரியில் ஏற்றும் பெர்கியஸ் முறை; 1913இல் காப்புரிமை பெற்ற இம்முறை உள்ளிட்ட உயர் அழுத்த வேதியியல் பணிகளுக்காக பிரீட்ரிக் பெர்கியஸ் 1931இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மற்றொன்று, மூலப்பொருள் முழுவதையும் முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து எரிபொருளைக் கட்டியெழுப்பும் முறை; இதனை ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் 1920களில் பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் உருவாக்கினர். கழிவையும் சேர்த்துப் பயன்படுத்துவதானால் இரண்டாவது வழியே ஏற்றது. ஏனெனில் பிளாஸ்டிக், மரத்தூள், நிலக்கரி ஆகியவற்றின் வேறுபாடுகளில் பெரும்பகுதி வாயு நிலையில் மறைந்துவிடும்.

எந்தக் கலனை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், மூலப்பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். ஈரப்பதம், சாம்பல், கந்தகம், குளோரின், சாம்பல் உருகும் வெப்பநிலை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு வரத்துக்கும் தனித்தனியே அறிந்துகொள்வது நல்லது. பாலிஎத்திலீனில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால், அது நிலக்கரியின் குறையை ஓரளவு ஈடுகட்டும். பிவிசி பிளாஸ்டிக்கோ தன் எடையில் பாதிக்கும் மேல் குளோரினைக் கொண்டது. அது வெளியிடும் ஹைட்ரஜன் குளோரைடு குழாய்களை அரிப்பதால், அதனைத் தொடக்கத்திலேயே பிரித்து ஒதுக்கிவிட வேண்டும். உலோகமும் கண்ணாடியும் அவ்வாறே நீக்கப்பட வேண்டும். தாவரக் கழிவின் சாம்பலிலுள்ள பொட்டாசியம் உருகுநிலையைத் தாழ்த்திக் கலனுக்குள் கட்டிகளை உண்டாக்கக்கூடும் என்பதால், அதன் பங்கைச் சோதனை முடிவுகளுக்கு ஏற்பச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

வாயுவாக்கும் கலனில், முழுமையாக எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீராவியுடன் சேர்த்துச் செலுத்த வேண்டும். காற்றைப் பயன்படுத்தினால் அதிலுள்ள நைட்ரஜன் வாயுவை நீர்க்கச்செய்துவிடும். ஆகவே பிரித்தெடுத்த ஆக்சிஜனே சிறந்தது. 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இயங்கும் தூள் ஊட்டக் கலன்களில் தார் ஏறக்குறைய இல்லாமல் போகும்; ஆனால் கழிவை அந்த அளவுக்கு நுண்தூளாக அரைப்பது மிகக் கடினம். 800 முதல் 1,000 டிகிரி வரை இயங்கும் பாய்மப் படுகைக் கலன் (அடியிலிருந்து ஊதும் வாயுவால் மணல் போன்ற துகள்கள் திரவம்போல் அலையும் கலன்) பலவகைக் கழிவுகளையும் ஏற்கும். அதற்கு விலையாகத் தாரை நீக்கும் தனி அமைப்பு தேவைப்படும். கலவையின் தன்மை நாளுக்கு நாள் மாறுமானால் பாய்மப் படுகையையே நான் பரிந்துரைப்பேன். இங்கு உருவாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற கொடிய நச்சு. ஆகவே இப்பணி உரிய பொறியாளர்களும் வாயுக் கசிவு உணரிகளும் உள்ள தொழிற்சாலைக்கு மட்டுமே உரியது, வீட்டிலோ கொல்லையிலோ ஒருபோதும் முயலக்கூடாது.

ஆலையின் வெற்றியைத் தீர்மானிப்பது வாயுவைத் தூய்மையாக்கும் பகுதியே என்பது என் உறுதியான கருத்து. செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் கைவைப்பதும் இங்கேதான். பின்னர் வாயுவை எரிபொருளாக மாற்ற உதவும் வினையூக்கியின் மேற்பரப்பில் கந்தகம் ஒட்டிக்கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்யும். கோபால்ட் வினையூக்கியானால், வாயுவில் கந்தகம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் வெகு கீழே இருந்தாக வேண்டும். முதலில் வாயுவைக் குளிர்வித்துத் தூசியை வடிகட்டி, பின்னர் நீரால் கழுவிக் குளோரைடையும் அம்மோனியாவையும் அகற்ற வேண்டும். அடுத்து, கார்பன் மோனாக்சைடின் ஒரு பகுதியை நீராவியுடன் வினைபுரியச் செய்து, ஹைட்ரஜனின் அளவை, எஞ்சும் கார்பன் மோனாக்சைடைப்போல் ஏறத்தாழ இருமடங்காக உயர்த்த வேண்டும். கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கி கந்தகம் இருக்கும்போதே வேலை செய்வதால் இந்தக் கட்டத்தை இவ்விடத்தில் வைக்கலாம். அதன்பின் கடுங்குளிர்ந்த மெத்தனாலில் கழுவினால் ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டைஆக்சைடும் பிரியும். இறுதிக் காவலாகத் துத்தநாக ஆக்சைடு படுகை ஒன்றையும் வைக்க வேண்டும். கழுவிய நீரில் பீனாலும் சயனைடும் இருக்கக்கூடும் என்பதால், அதைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றக்கூடாது.

தூய வாயுவை 20 முதல் 40 பார் அழுத்தத்தில், கோபால்ட் வினையூக்கியானால் 200 முதல் 240 டிகிரி செல்சியஸில், வினைக்கலனுக்குள் அனுப்ப வேண்டும். இவ்வினை மிகுந்த வெப்பத்தை வெளியிடும். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடுக்கு ஏறத்தாழ 165 கிலோஜூல். அவ்வெப்பத்தைக் கொதிநீர்க் குழாய்கள் உடனுக்குடன் கடத்தாவிட்டால், எரிபொருளுக்குப் பதிலாக மீத்தேனே மிகும், வினையூக்கியும் பாழாகும். டீசலை மட்டும் நேரடியாகப் பெற முயலாமல், நீண்ட சங்கிலி மெழுகை உருவாக்கிப் பின்னர் அதை ஹைட்ரஜனுடன் உடைப்பதே சிறந்த வழி. இரும்பு வினையூக்கி மலிவானது, குறைந்த ஹைட்ரஜன் விகிதத்தையும் தாங்கும். தென்னாப்பிரிக்காவின் சசோல்பர்க்கில் 1955இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை இரும்பையே நம்பியது.

கார்பன் கணக்கையும் நேர்மையாக எழுத வேண்டும். வெளியிலிருந்து ஹைட்ரஜன் சேர்க்காவிட்டால் நிலக்கரியின் கார்பனில் பாதியளவோ அதற்கு மேலோ ஆலையிலேயே கார்பன் டைஆக்சைடாகிவிடும். அதைப் பிடித்து நிலத்தடியில் சேமிக்காத ஆலையின் டீசல், கச்சா எண்ணெய் டீசலைவிட வெகு அதிகமாகப் புவியை வெப்பமாக்கும். கழிவைச் சேர்ப்பதாலேயே இது சரியாகிவிடாது. பிளாஸ்டிக்கின் கார்பனும் புதைபடிவக் கார்பனே, மரக்கழிவின் கார்பனை மட்டுமே வேறாகக் கணக்கிடலாம்.

கிடைக்கும் டீசலில் கந்தகம் ஏறக்குறைய இராது. டீசல் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 70ஐத் தாண்டும். ஆனால் அதன் மசகுத்தன்மை குறைவு, அரோமாட்டிக் சேர்மங்கள் (பென்சீன் போன்ற வளைய அமைப்புள்ளவை) இல்லாததால் பழைய இயந்திரங்களின் ரப்பர் அடைப்பான்கள் சுருங்கிக் கசியவும் கூடும். ஆகவே மசகுச் சேர்க்கையைக் கலந்தோ, வழக்கமான டீசலுடன் சேர்த்தோ, குளிரில் உறையும் நிலையையும் சோதித்த பின்னரே அதனை வாகனங்களுக்கு வழங்க வேண்டும்.