டெக்ஸாஸ் ஐஸில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு, மண்டபத்திலிருந்து

தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலுக்குள் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அத்தா. 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததும் வேனை விற்றுவிட்டு மண்டபத்தில் கடை வைத்துவிட்டார். எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த மணல்தான். "பிரேக்கைச் சட்டுனு மிதிக்காதே. ஸ்டீயரிங்கை வெட்டாதே. வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே போ. மணல் இளகினா டயர் காத்தை இறக்கு." நாலே பாடம். அப்புறம் ஆறு வருஷம் டெக்ஸாஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் இருந்தேன். ஐஸ் பிடித்த ரோட்டில் அந்த நாலில் மூன்று அப்படியே கைகொடுத்தன. நாலாவதை நம்பினால் ஆபத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஊரோடு வந்தாயிற்று. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் யாராவது டெக்ஸாஸ், ஜார்ஜியா என்று கிளம்பினால், குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். ஜாக்கெட் அங்கேயே நல்லதாகக் கிடைக்கும். வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் ஒருத்தரும் கேட்பதில்லை.

மினசோட்டா போகிறவனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அங்கே ஊரே பனிக்குத் தயாராக இருக்கும். பனி தள்ளும் வண்டி விடியுமுன் ரோட்டுக்கு வந்துவிடும், குளிர்கால டயர் மாட்டுகிறவர்களும் உண்டு, ஓட்டுகிறவனுக்கும் பழக்கம் இருக்கும். டாலஸில் அப்படி இல்லை. கோடையில் நம்ம ராமநாதபுரத்தையே தோற்கடிக்கும் வெயில். ஐஸ் என்பது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வந்தால் இரண்டு மூன்று நாள். அதற்காக யார் டயர் மாற்றுவார்கள்? சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கிவிடும், பிடிமானம் குறையும். அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று விழுந்தது இரண்டு அங்குலத்தை ஒட்டிய பனிதான். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தார்கள், பள்ளிக்கூடத்திலேயே தூங்கிய பிள்ளைகளும் உண்டு.

அதனால் முதல் பாடம்: போகாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2021 பிப்ரவரி 11 காலை ஆறு மணி வாக்கில், ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35டபிள்யூ ரோட்டில் சுமார் 130 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆறு பேர் இறந்தார்கள். தூறலாக விழுந்த தண்ணீர் ரோட்டில் பட்டதும் உறைந்திருந்தது, அவ்வளவுதான். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் திரும்பிய ஆஸ்பத்திரிக்காரர்களும் அதில் சிக்கினார்கள். அந்த வாரம் என் மேலாளர் ஒருவர், "மெதுவாக வந்துவிட முடியுமா?" என்று செய்தி அனுப்பினார். முடியாது என்று பதில் போட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது, தெரியும். வாசலில் ஐஸ் மூடிய படியைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போவதா வேண்டாமா என்பதை முந்தின நாள் ராத்திரியே முடிவு செய்வது நல்லது. அமெரிக்க வானிலைத் துறை 'ஐஸ் ஸ்டார்ம் வார்னிங்', அதாவது ஐஸ் புயல் எச்சரிக்கை என்று போட்டால் பேச்சே இல்லை, வீட்டில் இருங்கள். கால் அங்குல அளவுக்கு ஐஸ் படியும் என்றால்தான் பெரும்பாலும் அப்படிப் போடுவார்கள். எந்த ரோட்டில் ஐஸ் இருக்கிறது என்று டெக்ஸாஸ் போக்குவரத்துத் துறையின் 'டிரைவ் டெக்ஸாஸ்' தளத்தில் பார்க்கலாம். அதில் பாலங்களை முதலில் பாருங்கள்.

பாலம் ஏன் என்றால், பாம்பன் பாலத்தில் பைக்கில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலேயும் காற்று, கீழேயும் காற்று. தரையில் போகும் ரோட்டுக்கு அடியில் மண் இருக்கிறது, பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். பாலத்துக்கு அந்த மெத்தை கிடையாது, இரண்டு பக்கமும் குளிர்ந்து சீக்கிரம் உறைந்துவிடும். டாலஸ் என்றாலே பாலத்துக்கு மேல் பாலம், அதற்கு மேல் இன்னொரு பாலம். தரையில் ரோடு வெறும் ஈரமாக இருக்கும்போதே மேம்பாலம் கண்ணாடியாகியிருக்கும். சுற்றுவழி இருந்தால் பாலமில்லாத வழியாகப் போங்கள், பத்து நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை.

அங்கே 'பிளாக் ஐஸ்' என்பார்கள். பேர்தான் கறுப்பு. நிறமே கிடையாது, அடியில் இருக்கும் தார் அப்படியே தெரியும், நனைந்த ரோடு மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்க எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, முன்னால் போகும் வண்டியின் டயரைப் பார்ப்பது. ரோடு ஈரமாக மினுங்குகிறது, ஆனால் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை. இரண்டாவது அத்தா சொன்ன சத்தம். தார் ரோட்டில் டயர் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். ஐஸில் ஏறியதும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிடும். பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இன்னொன்று: கடுங்குளிரைவிட உறைநிலையை ஒட்டிய குளிர்தான் அதிகம் வழுக்கும். காரில் 30, 32 ஃபாரன்ஹீட் (செல்சியஸில் பூஜ்யத்தை ஒட்டி) என்று காட்டும்போது, "பரவாயில்லையே, ரொம்பக் குளிரில்லையே" என்று தோன்றும். ரோடு ரொம்ப மோசமாக இருப்பது அப்போதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 31. அன்று வானத்திலிருந்து விழுந்தது மென்மையான பனி கிடையாது, வாலிநோக்கம் கல்லுப்பு மாதிரி மணிமணியாக, சடசடவென்று. மனைவிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்துக்கடை ஒன்றரை மைல். எல்லாம் தெரிந்த ஆள் நான், மெதுவாகத்தான் போனேன். சின்ன மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது சத்தம் நின்றது. காரின் பின்பக்கம் அதுபாட்டுக்கு வலது பக்கம் நகர ஆரம்பித்தது. வேகம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, பாதி வழியில் அத்தா குரல் கேட்டது, எடுத்துவிட்டேன். வலது பக்கம் பின்பக்கம் போகிறதா, ஸ்டீயரிங்கையும் வலது பக்கமே கொஞ்சம் திருப்பினேன். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மூக்கு நேரானது, உடனே இடது பக்கம் பின்வால் ஆட வந்தது, ஸ்டீயரிங்கை மறுபடி கொஞ்சம் இடது பக்கம் திருப்பினேன். கடைசியில் முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் டொக் என்று முட்டி நின்றது. சக்கரத் தகட்டில் ஒரு கீறல். மாத்திரையை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கினோம்.

அந்த அரை நிமிஷத்தில் செய்ததுதான் முழுப் பாடமும். வண்டி வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள், கை கண்ணோடு போகும். பயத்தில் விளக்குக் கம்பத்தையே பார்த்தால் கம்பத்துக்குத்தான் போவீர்கள். திருப்புவதை மெள்ளத் திருப்புங்கள், நேரானதும் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொண்டுவரத் தயாராக இருங்கள். நிறையப் பேர் முதல் சறுக்கலைச் சமாளித்துவிட்டு, இரண்டாவதில், எதிர்ப்பக்கம் ஆடும்போதுதான் சுழன்றுவிடுகிறார்கள்.

முன்னால் ஏதோ இருக்கிறது, நின்றே ஆக வேண்டும் என்றால் பிரேக் வேறு கதை. இப்போதைய கார்களில் ஏபிஎஸ் இருக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி; அழுத்தி மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். காலடியில் கடகடவென்று அதிரும், வண்டி உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி என்றால் விட்டுவிட்டு மிதிக்க வேண்டும்.

ஆனால் நிற்கிற தூரத்தை எந்தக் கருவியும் அவ்வளவாகக் குறைக்காது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் பிடித்தால், காய்ந்த தாரில் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும் கார், ஐஸில் நூறு மீட்டர் வரை போகும். அதனால் முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே வழக்கத்தைப்போல எட்டுப் பத்து மடங்கு இடம் விடுங்கள். யாராவது நடுவில் புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் இன்னும் பின்வாங்குங்கள். பெரிய பிக்கப்காரன் நாலு சக்கரமும் இழுக்கிறது என்ற தைரியத்தில் உங்களைத் தாண்டிப் பறப்பான். அந்த இழுவை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போடவே கூடாது. டயர் வழுக்குவது தெரியாமல் அது வேகத்தைப் பிடிக்கப் பார்க்கும்.

சரி, டயர் காற்று. தளர்ந்த மணலில் டயர் காற்றழுத்தத்தைப் பதினெட்டு பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினால் டயர் அகன்று மணல்மேல் மிதக்கும், வண்டி புதையாது. அதே யோசனையில் டாலஸ் ஐஸில் காற்றை இறக்கி ஓட்டிய நம்ம ஊர்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். ஐஸ் இளகாது, அதன்மேல் மிதக்க என்ன இருக்கிறது? ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காமல் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். உண்மையில் குளிர் காற்றைத் தானாகவே குறைத்துவிடும், பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ. ஆகவே குளிர் வருமுன் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரியாக ஏற்றிவிடுங்கள். இன்னொன்றும் மணலுக்குத் தலைகீழ்: மணலில் ஓட்டத்தை விடக்கூடாது, நின்றால் புதைந்தோம். ஐஸில் ஓட்டம்தான் எதிரி.

ஆனால் மணலே உதவும் ஓர் இடம் உண்டு. நிறுத்திய வண்டி கிளம்பாமல் சக்கரம் சுற்றினால், சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை மணல் போடுங்கள், பிடித்துக்கொள்ளும். டிக்கியில் ஒரு பை வைத்திருங்கள். மணல் கிடைக்கவில்லை என்றால் பூனைக்குப் போடும் மண் கடையில் விற்கும், கட்டியாகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். உப்பும் போடலாம், உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது என்பது உப்பளத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பு சோர்ந்துவிடும். 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸில் மைனஸ் 19 வரைக்கும் போனது, நான் அள்ளிப்போட்ட உப்பு ஐஸ்மேல் உப்பாகவே கிடந்தது.

மற்றவை சின்ன விஷயங்கள். கண்ணாடியில் ஐஸ் இருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். பிளாஸ்டிக் சுரண்டி வாங்குங்கள். நம்ம ஊர்ப் பழக்கத்தில் வைப்பர் டப்பாவில் பச்சைத்தண்ணீர் ஊற்றியிருந்தால் உறைந்துவிடும், உறையாத திரவம் ஊற்றுங்கள். பெட்ரோல் எப்போதும் அரை டேங்குக்கு மேல். போர்வை, தண்ணீர், போன் சார்ஜர், தின்ன ஏதாவது. உம்மா கொடுத்துவிட்ட கீழக்கரைத் தொதல் ஒரு பொட்டலம் என் காரில் கிடந்தது. அந்தக் குளிரில் அதைக் கடிக்கச் சுத்தியல் வேண்டும், பேரீச்சம்பழமே மேல்.

கார் மாட்டிக்கொண்டால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள், அபாய விளக்கைப் போடுங்கள். ரோட்டில் இறங்கி நின்று சேதத்தைப் பார்ப்பதுதான் உயிருக்கு உலை. உங்களை வழுக்கிய அதே ஐஸ் அடுத்த வண்டியையும் கொண்டுவரும். தடுப்புக்கு அந்தப் பக்கம், ரோட்டை விட்டு முழுக்க விலகிப்போக வழியிருந்தால் மட்டும் இறங்குங்கள். ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விடுவதானால் பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். வீட்டு கராஜை மூடிக்கொண்டு காரை ஓடவிட்டுக் குளிர்காய்வது கூடவே கூடாது, நச்சுப்புகை உள்ளேயே தேங்கிவிடும். 2021-இல் கரண்ட் போன அந்த வாரத்தில் டெக்ஸாஸில் அப்படிச் செத்தவர்கள் உண்டு.

கடைசியாக, மூன்றாம் நாள். வெயில் வந்துவிடும், ரோடு ஈரமாகி ஓடும், எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். ஓடிய தண்ணீர் ராத்திரியில் திரும்ப உறையும். மறுநாள் காலை ஏழு மணிக்கு நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் அது காத்திருக்கும். பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.