‘தாரா’ என்று பெயர் வைக்கும் முன்: அது எந்தத் ‘தா’?

மும்பையில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் மராட்டியிலும் இங்கிலீஷிலும் ஏறும். தமிழில் நமக்கு ஒரே ‘தா’. மராட்டியில் நான்கு. வார்டு ஆபீஸ் கவுண்டரில் வாய்வழியாக ‘தாரா’ என்று சொல்லிவிட்டு வந்தால், நான்கில் எது ஏறும் என்பது தட்டச்சு செய்பவரின் காதைப் பொறுத்தது. மாட்டுங்காவோ செம்பூரோ, பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் படி: எண் போட்டு எழுதுங்கள்

வீட்டு ஸ்லோகப் புத்தகத்தைப் பாருங்கள். எழுத்தின் காலடியில் 2, 3, 4 என்று பொடி எண்கள் இருக்கும். அதே முறைதான். தாம்பூலத்தில் வருவது தா1. ரதத்தின் ‘த’ இரண்டாவது. தானம் தா3, தானியம் தா4. பெயரைக் காகிதத்தில் எண்ணோடு எழுதிய பிறகே பொருள் தேடுங்கள். பெயர் வலைத்தளங்கள் இதைச் செய்யாமல் ‘நட்சத்திரம், ஓடை’ என்று எல்லாவற்றையும் ஒரே தாராவின் தலையில் கட்டிவிடுகின்றன.

இரண்டாம் படி: அகராதி

1899-இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸ் சமஸ்கிருத அகராதியைக் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தட்டச்சு முறையில் ‘ஹார்வர்ட்-கியோட்டோ’வைத் தேர்ந்தெடுத்து, நெடிலுக்குப் பெரிய ‘ஏ’ போடுங்கள். சின்ன எழுத்தில் அடித்தால் வேறு சொல் வந்து நிற்கும். பெண்பால் பெயர் தனியாகக் கிடைக்காவிட்டால் கடைசி நெடிலைக் குறிலாக்கித் தேடுங்கள். பல பெண்பால் வடிவங்கள் ஆண்பால் சொல்லின் கீழேதான் இருக்கும்.

தா1 என்றால் நட்சத்திரம். கண்ணின் கருமணி என்றும் பொருள் உண்டு. வேத மொழியில் ‘ஸ்த்ரு’ என்றாலும் நட்சத்திரம்தான். கிரேக்க ‘அஸ்தேர்’, இங்கிலீஷ் ‘ஸ்டார்’ எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரிகள். பௌத்தர்கள் தாரா தேவியின் பெயரை ‘கடத்தல்’ என்ற வினையோடு சேர்த்து, பிறவிக் கடலைக் கடக்க வைப்பவள் என்று விளக்குவார்கள். வாலியின் மனைவி, பிரகஸ்பதியின் மனைவி, மகாவித்யைகள் எனப்படும் பத்து தேவியரில் ஒருத்தி, எல்லாருக்கும் இதே எழுத்து. மராட்டிய அரசி தாராபாய் (1675–1761) இருக்கிறார் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருக்கும் பெயரை விளக்க வேண்டியிராது.

தா4 வேறு வீட்டுப் பெண். நீர் ஒழுகுவது, தாரையாகக் கொட்டுவது. கல்யாணத்தில் ‘தாரை வார்ப்பது’ இந்தத் தாரைதான். கத்தியின் கூர்முனைக்கும் இதே உச்சரிப்பு; மராட்டியில் பால் கறப்பதையும் கத்தி சாணை பிடிப்பதையும் ‘தார்’ வைத்தே சொல்வார்கள். நல்ல பெயர்தான், ஆனால் நட்சத்திரம் அல்ல. முதலெழுத்தைக் குறிலாக்கினால் ‘தரா’, அதாவது பூமி.

தா3 வேண்டாம். சமஸ்கிருதத்தில் ‘தார’ என்றால் மனைவி (இலக்கணப்படி ஆண்பால் பன்மை, அது தனிக் கூத்து). தாரா என்பது பார்சி ஆண்கள் பெயரும்கூட.

மூன்றாம் படி: நட்சத்திர எழுத்து

27 நட்சத்திரம், பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்து. தமிழில் அச்சிட்ட பட்டியலில் ‘தா’ சுவாதி நான்காம் பாதத்திலும் வரும், பூராடம் இரண்டாம் பாதத்திலும் வரும். சுவாதிக்குத் தா1, பூராடத்துக்குத் தா4. அசுவினியின் ‘சு’விலும் இதே குழப்பம். அது ‘ச்சு’, சுஜாதாவின் ‘ஸு’ சதயத்துக்குரியது.

நான்காம் படி: இங்கிலீஷ் எழுத்து

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறோம். ஊர்ப் பழக்கத்தில் ‘த’வுக்கு டைகரின் டி, ஹெச் போட்டால், மும்பையில் அதைத் தா2 என்று படிப்பார்கள். மராட்டியில் அந்தச் சொல்லுக்குப் புகலிடம் என்று பொருள். நட்சத்திரம் வேண்டுமென்றால் டைகரின் டி மட்டும், ஹெச் கிடையாது. நீரோட்டத்துக்கு தாவூத்தின் டி, கூடவே ஹெச். ஆனால் இங்கிலீஷில் ‘தாரா’வும் ‘தரா’வும் ஒன்றுபோலவே இருக்கும். மராட்டி வரிதான் வித்தியாசம் காட்டும்.

ஐந்தாம் படி: படிவம்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விடலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டுநர் உரிமம்வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். பிழை ஏறினால் விடாமல் துரத்தும்.

மராட்டி தெரிந்த ஒருவரிடம் பெயரை எழுதி வாங்கிப் படிவத்தோடு கொடுங்கள். அச்சானதும் மராட்டி எழுத்தின் மேலே ஓடும் தலைக்கோட்டைப் பாருங்கள். தா1-க்குக் கோடு முழுசாக ஓடும். தா4-க்கு இடப்பக்கம் கோடு விட்டிருக்கும். அந்த இடைவெளி மூடியிருந்தால் அது ‘தா’வே அல்ல, ‘கா’வின் நாலாம் எழுத்து. மராட்டியில் அப்படிப் படித்தால் பூனைக்கண் என்று பொருள்.