எல்லா வயதினரும் ஆடும் ஊர் விளையாட்டு மன்றம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

ஊரில் விளையாட்டு மன்றம் தொடங்கினால், சில வருடங்களிலேயே அது பெரும்பாலும் ஒரு கபடி அணியாகவோ வாலிபால் அணியாகவோ சுருங்கிவிடும். பத்துப் பதினைந்து பையன்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். இங்கே சொல்லப்படுவது வேறு மாதிரி மன்றம். ஆறு வயதுப் பிள்ளையும் ஆடும், பதிமூன்று வயதுப் பெண்ணும் ஆடுவாள், எழுபது வயதுப் பெரியவரும் வருவார். கோப்பை வாங்குவது இதன் வேலை அல்ல. சாகும்வரை உடம்பை அசைத்து வாழ ஆசையும் தைரியமும் பழக்கமும் உண்டாக்குவதே இதன் வேலை.

இந்த எண்ணத்துக்கு உலக அளவில் ‘ஃபிசிக்கல் லிட்டரசி’ (உடல்சார் எழுத்தறிவு) என்று பெயர். இங்கிலாந்தின் உடற்கல்வி அறிஞர் மார்கரெட் ஒயிட்ஹெட் 1993-இல் மெல்போர்ன் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசியதிலிருந்து அது வளர்ந்தது. கனடாவில் பல அமைப்புகள் சேர்ந்து 2015-இல் பொதுவான வரையறை ஒன்றை வெளியிட்டன. நான்கு விஷயங்கள் அதில் உண்டு: ஆர்வம், தன்னம்பிக்கை, உடல் திறன், அறிவும் புரிதலும். நம் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் கவனிக்கின்றன. முதல் இரண்டும் போய்விட்டால் மூன்றாவது எவ்வளவு இருந்தும் பயன் இல்லை. பள்ளி அணியில் ஓடியவர்களில் எத்தனை பேர் முப்பது வயதில் மைதானம் பக்கம் வருகிறார்கள் என்று பார்த்தாலே இது தெரியும்.

அளவைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலசைவு வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. வாரம் இரண்டு மாலை நடக்கும் மன்றத்தால் இதை எட்டவே முடியாது. ஆகவே மன்றத்தில் சொல்லித்தரும் ஒவ்வொரு ஆட்டமும், மீதி ஐந்து நாள் பிள்ளைகள் தெருவில் தாங்களே ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். விலை கூடிய சாமான் இருந்தால்தான் ஆட முடியும் என்ற ஆட்டம் வேண்டாம்.

இடமும் சாமானும்

24 பிள்ளைகளுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலமுள்ள வாலிபால் கோர்ட்டும் சுற்றிலும் இரண்டு மீட்டர் காலி இடமும் போதும். கோர்ட்டை நடுவில் பிரித்துப் பக்கத்துக்கு 12 பேராக ஆடவையுங்கள். அரசுப் பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி தலைமையாசிரியர் மாறும் அன்றே முடிந்துவிடும். முதல் நாள் தரையைக் கால்நடையாக முழுவதும் சுற்றிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு, கருவேல முள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எல்லாம் எடுத்த பிறகே பிள்ளைகளை இறக்க வேண்டும்.

கோடு போடக் கல்மாவு அல்லது அரிசிமாவுக் கோலப்பொடி பயன்படுத்துங்கள். நீற்றிய சுண்ணாம்புத் தூள் வேண்டவே வேண்டாம். அது கண்ணில் விழுந்தால் சாதாரண எரிச்சலோடு நிற்காது, கருவிழியையே பாதிக்கும்.

24 பேருக்குப் பழைய டென்னிஸ் பந்து 24, ஸ்பாஞ்ச் பந்து அல்லது துணிப்பந்து 12, ஸ்கிப்பிங் கயிறு 12, பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் 12, பழைய சைக்கிள் டயர் 6. துணிப்பந்துக்குப் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சுருட்டி, மேலே நூலால் தைத்தால் போதும். கயிற்றில் ஒரு கவனம்: கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கயிறு புதிதாகப் பழகுபவருக்குக் கைகொடுக்காது, காற்றிலேயே மடங்கிவிடும். 8 முதல் 10 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு எடைக்குத் தானே சுற்றி வரும். கயிற்றின் நடுவில் நின்றால் இரண்டு முனையும் அக்குளை எட்ட வேண்டும், அதுதான் நீளம்.

பந்து எண்ணிக்கையில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். ஒரே பந்தும் நீண்ட வரிசையும் இருந்தால், முக்கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நாலைந்து முறைதான் பந்து கிடைக்கும். மீதி நேரம் நிற்பதுதான் வேலை. ஆளுக்கொரு பந்து இருந்தால் பத்து நிமிடத்தில் நூறு முறை எறிந்துவிடுவார்கள்.

ஒரு மாலை

75 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 10 நிமிடம் ஓடிப்பிடிக்கும் ஆட்டம். பேச்சு, அறிவுரை எதுவும் வேண்டாம், வந்ததும் ஓட வேண்டும். அடுத்த 20 நிமிடம் ஒரே ஒரு திறன். பிறகு 30 நிமிடம் அந்தத் திறன் நிறைய வரும் ஆட்டம். கடைசி 15 நிமிடம் பிள்ளைகள் இஷ்டம். நீங்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும். ஆட்டத்தின் விதியை அவர்களே பேசி முடிவுசெய்யப் பழகுவது அப்போதுதான்.

திறன்கள் ஆறு: ஓடித் திசை மாற்றுதல், குதித்து இறங்குதல், நொண்டிச் சமநிலை, எறிதல், பிடித்தல், உதைத்தல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். பன்னிரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

எறிதலை எடுத்துக்கொள்வோம். இதில்தான் தவறு நிறைய நடக்கிறது. வலது கைப் பிள்ளை வலது காலையே முன்னால் வைத்து, உடம்பு திரும்பாமல் முழங்கையை மட்டும் நீட்டி எறியும். “இடது காலை வை, இடுப்பைத் திருப்பு, முழங்கையைத் தூக்கு” என்று வரிசையாகச் சொன்னால் பிள்ளை குழம்பி உறைந்துபோகும். கோளாறு பெரும்பாலும் வைத்த இலக்கில்தான். இரண்டு மீட்டரில் சின்ன வட்டம் வரைந்து “சரியாக அடி” என்றால், யாராக இருந்தாலும் உடம்பை இறுக்கி மெதுவாகத்தான் எறிவார்கள். சுவரிலிருந்து 7 மீட்டர் தள்ளி நிறுத்தி, சுவர் முழுவதும் இலக்கு என்று சொல்லி, “சத்தம் கேட்க வேண்டும்” என்று மட்டும் கேளுங்கள். வேகம் வேண்டும் என்றதும் எதிர்க்கால் தானாக முன்னால் வரும், இடுப்பு திரும்பும். வராத பிள்ளைக்கு மட்டும் தரையில் ஒரு பாதத்தடம் வரைந்து, “அந்தக் கால் இங்கே” என்று ஒரே ஒரு குறிப்புக் கொடுங்கள். குறி தவறாமல் அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கிப்பிங் வராத பிள்ளைக்குக் கயிற்றின் இரண்டு முனையையும் ஒரே கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுற்றச் சொல்லுங்கள். கயிறு தரையில் தட்டும் சத்தத்துக்கு ஒரு குதி. தாளம் பிடிபட்டபின் இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். குதித்து இறங்குவதில் ஒரு அடி உயரத் திண்ணையிலிருந்து தொடங்குங்கள். முழங்கால் மடிந்து, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று முட்டினால் உயரத்தைப் பாதியாக்குங்கள்.

ஆட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நொண்டியில் ஆறு பேருக்கு 5 மீட்டர் சதுரம் போதும். பெரிய இடம் விட்டால் நொண்டுபவர் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் காலை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரு கால் மட்டுமே பலப்படும். திசை மாற்ற கிளித்தட்டு, கால் வைத்துப் பழக பாண்டி. கிட்டிப்புள் அருமையான ஆட்டம்தான், ஆனால் கண்ணுக்கு ஆபத்து. ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளி இருந்தால் மட்டும் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

‘அவுட்’ என்று வெளியே உட்கார வைக்கும் விதியை எல்லா ஆட்டத்திலும் மாற்றுங்கள். அதில் முதலில் வெளியேறுவது யார்? அதிகப் பயிற்சி தேவைப்படும் அதே பிள்ளைதான். பிடிபட்டவர் ஓரத்தில் பத்து முறை ஸ்கிப்பிங் ஆடிவிட்டு உள்ளே வரட்டும். அணித் தலைவர்கள் மாறி மாறி ஆள் பிரிப்பதையும் நிறுத்துங்கள். கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளை அடுத்த வாரம் வயிற்று வலி என்று வீட்டிலேயே இருந்துவிடும். பிறந்த மாதம் ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் வேலை முடிந்தது.

பெண் பிள்ளைகள் நிற்கும் வயது

பன்னிரண்டு, பதின்மூன்றில் பெண்கள் வருவது குறையும். “ஆர்வமில்லை” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கழிப்பறை இருக்கிறதா, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? சுவர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை யார் அனுப்புவது? சுடிதாரோடும் துப்பட்டாவோடும் ஆடலாம் என்று சொல்லியிருக்கிறீர்களா? இருட்டுவதற்கு முன் வீடு சேர முடிகிறதா? நடத்துபவர்களில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும், நாப்கின் பாக்கெட் அவர் பையில் இருக்கட்டும். இந்த ஐந்தும் சரியானால் கணிசமானவர்கள் திரும்பி வருவார்கள்.

பெரியவர்களுக்கு

காலை 6 மணி முதல் 6.45 வரை, வாரம் மூன்று நாள். நடை மட்டும் போதாது. 65 தாண்டியவர்களுக்குச் சமநிலையும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் சொல். விழுந்து இடுப்பு உடைவதைத் தடுப்பது அதுதான்.

முதல் நாள் இரண்டு சோதனை. 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் கீழே வந்தால் கால் பலம் சராசரிக்குக் குறைவு. அடுத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே நேர்கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல். பக்கத்தில் ஒருவர் கை நீட்டித் தயாராக நிற்க வேண்டும்.

பயிற்சி எளிது. நாற்காலியிலிருந்து எழுவது 8 முறை, இரண்டு சுற்று. சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது 10 முறை. சுவரோரமாக நேர்கோட்டில் மூன்று மீட்டர் நடை. பிறகு, தரையில் உட்கார்ந்து எழுவது: பக்கவாட்டில் சாய்ந்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். இது தெரிந்தவர் தனியாக விழுந்தாலும் எழுந்துவிடுவார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, சட்டைப்பையில் சர்க்கரை மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, திடீர் மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108.

அடி, வெயில், பாதுகாப்பு

கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். முதல் இரண்டு நாள் அது வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், பிறகு கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நான்கு எட்டு எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஆட்டத்தை 5.30-க்குப் பிறகு தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கு நிறுத்துங்கள்.

பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், யாரும் தனியாக ஒரு பிள்ளையை எங்கும் அழைத்துப் போகக் கூடாது. பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறு செய்ததாகத் தெரிந்தால் புகார் செய்வது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மைதானச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பதிவும் பதிவேடும்

முதல் பன்னிரண்டு வாரம் எந்தப் பதிவும் இல்லாமல் நடத்திப் பாருங்கள். நின்று பிடித்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வங்கிக் கணக்கு தொடங்கவும் நன்கொடை வாங்கவும் இது உதவும். வருடாந்திரக் கூட்டமும் கணக்குத் தாக்கலும் தவறக்கூடாது, பல மன்றங்கள் உறங்கிப்போவது இந்த இடத்தில்தான். வரும் பணத்தைக் கோப்பைக்கும் மேடைக்கும் போடாமல் பந்துக்கும் கயிற்றுக்கும் போடுங்கள்.

வருகைப் பதிவேட்டில் புதிதாக வந்தவர் கணக்கு எளிதில் கூடும், அது ஏமாற்றும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர் பெயரைத் தனியே எழுதி, வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். டியூஷன் நேரமா, யாரோ கேலி செய்தார்களா, செருப்பு கிழிந்ததா என்று காரணத்தையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயற்குழு கூடும்போது இந்தப் பட்டியலையே முதலில் வாசித்து, அடுத்த சுற்றின் நேரத்தையும் ஆட்டங்களையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.