மீன் தொட்டியில் மியூவான் பார்ப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வரும் பிஎஸ்சி பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சார், துகள் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக என்ன படிக்கணும்?" படிப்பை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு மேக அறை செய்யுங்கள்: கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போன தடத்தைக் கோடாகக் காட்டும் பெட்டி.

ஓரடி நீளக் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று எடுங்கள். அதன் வாயை மூடும் அளவுக்கு ஓர் அலுமினியத் தகடு வெட்டி, ஒரு பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். தொட்டியின் அடியில், உட்புறமாகக் கம்பளித் துணி. உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம் வைத்தால் துணி நிற்கும். துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். 99 சதவீதமாக இருக்க வேண்டும். கைக்குப் போடும் சானிடைசர் உதவாது. தொட்டியைக் கறுப்புப் பக்கத்தின் மேல் கவிழ்த்து, தகட்டுக்கு அடியில் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பரப்புங்கள். அது மைனஸ் 78 டிகிரி. கையுறை போட்டே தொடணும், ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் விளிம்புதான். என் முதல் தொட்டியில் ஒரு மணி நேரம் வெறும் மூட்டம் மட்டுமே தெரிந்தது. மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் சுற்றிலும் அடைத்தேன். கால் மணி நேரத்தில் முதல் கோடு விழுந்தது. பிற்பாடு ஆர்பிசி என்னும் துகள் உணர் கருவிகள் செய்தபோதும் இதே வேலைதான். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மி.மீ. இடைவெளி, அதில் வாயு. என் ஆராய்ச்சி நாட்களில் பெரும்பகுதி கசிவு தேடியே போனது. அதை வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக அடியுங்கள். தகட்டை ஒட்டிய குளிர்ந்த ஆவி, சொட்டாக மாறக் காத்திருக்கும். மின்னூட்டத் துகள் கடந்த வழியெல்லாம் அயனிகள். அவற்றின்மேல் சொட்டுகள் கட்டும். மெல்லிய நேர்கோடு பெரும்பாலும் மியூவான்: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் உண்டாகும், எலக்ட்ரானைவிடக் கனமான துகள். கோணல்மாணலாக ஓடினால் எலக்ட்ரான். குட்டையாக, தடிப்பாக இருந்தால் ஆல்பா. காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு தருவது.

கடல் மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. நம்ம ஊரில் சற்றுக் குறையும். புவிகாந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். இங்கே காந்தப்புலம் கிடைமட்டமாக இருப்பதால், மியூவான்களை உண்டாக்கும் காஸ்மிக் கதிர்களில் ஆற்றல் குறைந்தவற்றைத் திருப்பிவிடுகிறது.

பத்து நிமிடம் எண்ணி, நேரம் போட்டு நோட்டில் எழுதுங்கள். மறுநாளும் எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் அடித்துத் திருத்தாதீர்கள். ஐஸ் எவ்வளவு மிச்சம் இருந்தது, துணி காய்ந்திருந்ததா என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு வாரம் எழுதிய பிறகு, அந்த நோட்டோடு வாங்க. மதுரையில் மியூவான்களைப் பதிவுசெய்யும் 85 டன் மினி-ஐகால் கருவியைப் பற்றி அப்போது பேசுவோம்.