கல்யாணப் பத்திரிகையை வேர்டில் கலைக்காமல் நகர்த்துவதும் காப்பி எடுப்பதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து டிடிபி (கணினியில் அடித்து அச்சுக்குத் தயார் செய்யும்) கடைகளில் வேர்டு வேலை என்றால் புதிதாக அடிப்பது கொஞ்சம்தான். மூத்த மகன் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையை எடுத்து இளைய மகளுக்கு மாற்றுவது, சமையல்காரரிடம் கொடுக்கும் பலகாரப் பட்டியலில் காலையில் இருப்பதை மாலைக்குக் கொண்டுபோவது, பங்காளி வீட்டு முகவரிகளை ஊர் வாரியாகப் பிரிப்பது என்று ஏற்கெனவே இருப்பதை நகர்த்துவதுதான் அதிகம்.

கட், காப்பி, பேஸ்ட் எல்லாருக்கும் தெரியும். எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு என்னென்ன கிளம்பி வருகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பத்திரிகை கலைவதெல்லாம் அங்கேதான்.

முதலில் ¶ குறியைக் காட்டச் சொல்லுங்கள்

ஃபைலைத் திறந்ததும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்துங்கள். ஹோம் டேபில் உள்ள ¶ பொத்தானைத் தட்டினாலும் அதேதான். ஒவ்வொரு பாரா முடிவிலும் ¶ தெரியும். அந்தப் பாரா நடுவில் நிற்பதா, ஓரத்தில் நிற்பதா, மேலே கீழே எவ்வளவு இடைவெளி என்ற விவரமெல்லாம் இந்தக் குறிக்குள்தான் இருக்கிறது. குறியையும் சேர்த்து செலக்ட் செய்தால் அமைப்பும் கூடவே வரும். அதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தால், போய்ச் சேரும் இடத்தின் அமைப்பை ஏற்றுக்கொள்ளும். நடுவில் நின்ற மணமகள் பெயர் திடீரென்று இடது ஓரத்துக்கு ஓடினால், ¶ விடுபட்டிருக்கும், அல்லது வேண்டாத ஒன்று சேர்ந்து வந்திருக்கும்.

வரி முடிவில் ¶-க்குப் பதிலாக வளைந்த அம்புக்குறி தெரிந்தால் அது ஷிஃப்ட் + எண்டர் போட்ட வரி. பார்க்கத் தனி வரி போல இருந்தாலும் வேர்டுக்கு அது மேல் வரியோடு சேர்ந்த ஒரே பாரா. கீழே சொல்லப்போகும் முறைகள் சரியாக வராமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

செலக்ட் செய்வது

வார்த்தை மேல் இரண்டு தட்டு, வார்த்தை மட்டும். மூன்று தட்டு, முழு பாரா, ¶ உட்பட. இடது ஓர வெள்ளைப் பகுதியில் ஒரு தட்டு தட்டினால் ஒரு வரி. நீளமான பகுதிக்கு மவுஸை இழுக்க வேண்டாம். தொடக்கத்தில் ஒரு தட்டு, கடைசியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு போதும்.

பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்துகளை, உதாரணமாக 'மு. ராம.' என்பதை, இழுத்து செலக்ட் செய்யும்போது பக்கத்துப் பெயரும் முழுசாக மாட்டும். இது உங்கள் கை நடுக்கம் இல்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், செலக்ட் செய்யும்போது முழு வார்த்தையையும் தானாக எடுக்கும் அமைப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெயர்களுக்குத் தலைப்பெழுத்து அதிகம் என்பதால் இதை எடுத்துவிடுவதே நல்லது.

யூனிகோடு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டில் அடித்த தமிழில், ஷிஃப்ட் + அம்பு 'கொ' போன்ற எழுத்தை ஒரே துண்டாகத்தான் எடுக்கும். ஆனால் பேக்ஸ்பேஸ் அடித்தால் கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்கும். பேஸ்ட் செய்த இடத்தில் ஓரெழுத்து மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கிளிப்போர்டைத் தொடாமல் நகர்த்துவது

கட், காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடம்தான் கிளிப்போர்டு. பலகாரப் பட்டியல் இது என்று வைத்துக்கொள்வோம்:

காலை
கவுனி அரிசி
இடியாப்பம்
கந்தரப்பம்
மாலை
வெள்ளைப் பணியாரம்
தேன்குழல்

வீட்டுக்கார ஆச்சி வந்து, வெள்ளைப் பணியாரம் காலைக்கு வேண்டும், கந்தரப்பத்துக்கு மேலே வரட்டும் என்கிறார். கட் செய்யவே வேண்டாம். 'வெள்ளைப் பணியாரம்' வரியில் கர்சரை எங்காவது வைத்து, ஆல்ட் + ஷிஃப்ட் பிடித்தபடி மேல் அம்பை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் அழுத்தில் 'மாலை' தலைப்பைத் தாண்டும், இரண்டாவதில் கந்தரப்பத்தைத் தாண்டும். எண் போட்ட பட்டியல் என்றால் எண்களும் தாமாகவே திருத்திக்கொள்ளும். டேபிளில் இதே விசை முழு வரிசையையும் நகர்த்தும்.

வரி தனியாக நகராமல் மொத்தப் பட்டியலும் சேர்ந்து நகர்ந்தால், எல்லாம் ஷிஃப்ட் + எண்டர் வரிகள். அவற்றை எண்டராக மாற்றிவிட்டுத் தொடருங்கள். இன்னொன்று: ஆல்ட் + ஷிஃப்டை அழுத்திவிட்டு அம்பைத் தொடாமல் விட்டால் விண்டோஸில் கீபோர்டு மொழி மாறிவிடலாம். தமிழ் திடீரென்று ஆங்கிலமாக விழுகிறதே என்று பயப்பட வேண்டாம். அதே இரண்டு விசையை மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும்.

வரியின் ஒரு பகுதியை மட்டும் நகர்த்த எஃப் 2 இருக்கிறது. செலக்ட் செய்து எஃப் 2 அழுத்துங்கள். எங்கே நகர்த்த என்று கீழே இடது மூலையில் கேட்கும். போக வேண்டிய இடத்தில் தட்டி எண்டர். ஷிஃப்ட் + எஃப் 2 என்றால் மூலம் அங்கேயே இருக்க, நகல் மட்டும் போகும். கிளிப்போர்டில் ஏற்கெனவே வைத்திருப்பது அப்படியே இருக்கும்.

அங்கங்கே இருப்பதை ஒன்றாகச் சேர்ப்பது

நானூறு முகவரியில் கோட்டையூர், பள்ளத்தூர் முகவரிகளைத் தனியே பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கட் செய்து, கடைசிக்குப் போய் பேஸ்ட் செய்து, திரும்பி வருவது வீண் அலைச்சல். ஸ்பைக் என்ற வசதி வேர்டில் பல காலமாக இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. முதல் முகவரியை செலக்ட் செய்து கன்ட்ரோல் + எஃப் 3. அடுத்ததையும் அப்படியே. எடுத்த வரிசையிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். எல்லாம் முடிந்ததும் வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் 3. மொத்தமும் கொட்டிவிட்டு ஸ்பைக் காலியாகும்.

மூலப் பட்டியல் கலையாமல் நகல் மட்டும் வேண்டுமானால், ஒவ்வொரு கன்ட்ரோல் + எஃப் 3-க்கும் பிறகு உடனே கன்ட்ரோல் + இசட். எழுத்து பழைய இடத்துக்கு வரும், ஸ்பைக்கிலும் இருக்கும். இதனாலேயே, தவறாக எடுத்த ஒன்றை கன்ட்ரோல் + இசட் போட்டுத் திருப்பினால் அது ஸ்பைக்கை விட்டுப் போகாது. கொட்டிய பிறகு அதைத் தேடி அழிக்க வேண்டும்.

லேப்டாப்பில் எஃப் விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

பேஸ்ட் செய்யும்போது

பேஸ்ட் ஆனதும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். கன்ட்ரோலைத் தனியாக ஒருமுறை தட்டினால் அது விரியும். அடுத்து கே அழுத்தினால் மூலத்தின் ஃபான்டும் அளவும் அப்படியே வரும். எம் என்றால் இந்த இடத்தின் அமைப்புக்கு ஒத்துப்போகும். டி (T) என்றால் வெறும் எழுத்து. யூனிகோடில் அடித்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, இணையப் பக்கத்தில் எடுத்தது எல்லாவற்றுக்கும் டி-தான் சரி.

பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்த ஃபைல் என்றால் டி-யைத் தொடவே கூடாது. அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்; ஃபான்ட்தான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. ஃபான்டை உதறினால் பெயர்களெல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும். பழைய பத்திரிகையிலிருந்து பெயர்களை எடுக்க வேண்டுமானால் முதலில் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு, பிறகு பேஸ்ட் செய்யுங்கள். எதிர்த்திசையிலும் இதே தொல்லை: பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு புரியாது. அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்றால் அவர்களிடம் உள்ள ஃபான்டின் குறியீட்டுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழை எடுப்பதைத் தவிர்க்கலாம். 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவது வழக்கம். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் தேடினால் கிடைக்காது. மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புதிதாக அடிப்பதே வேகம்.

வாட்ஸ்அப்பில் பல செய்திகளை ஒன்றாக செலக்ட் செய்து காப்பி எடுத்தால் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். நாலைந்து முகவரி என்றால் ஒவ்வொரு செய்தியாக எடுப்பது சுத்தம்.

பத்திரிகையை இரட்டிப்பது

பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இதற்கு கன்ட்ரோல் + ஏ போட்டு காப்பி எடுத்துப் புதுப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். பக்கத்தின் மேலும் கீழும் உள்ள ஹெடர், ஃபூட்டர் அந்த செலக்‌ஷனில் அடங்குவதில்லை. தாள் அளவும் மார்ஜினும் வந்து சேராமல் போகலாம். ஃபைலையே வேறு பெயரில் சேவ் ஆஸ் செய்யுங்கள், எதையும் மாற்றுவதற்கு முன்பே.

பிள்ளையார் படமும் டெக்ஸ்ட் பாக்ஸ்களும் காணாமல் போவது இங்கே அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு பாக்ஸும் ஏதோ ஒரு பாராவில் நங்கூரம் போட்டிருக்கிறது. அந்தப் பாராவை அழித்தால் பாக்ஸும் போய்விடும், கட் செய்தால் அதோடு கிளம்பிவிடும். ¶ காட்டும் நிலையில் பாக்ஸைத் தட்டினால் நங்கூரச் சின்னம் தெரியும். அதை இழுத்து, நீங்கள் தொடவே போகாத ஒரு பாராவில், உதாரணமாக மேலே உள்ள 'உ' வரியில், வைத்துவிடுங்கள்.

பிறகு பெயர் மாற்றம். இரு வீட்டார் பெயரையும் ஒன்றுக்கொன்று மாற்ற, ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸில் நேரடியாக இறங்கினால் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் நிற்கும். முதல் பெயரை ### என்று மாற்றுங்கள், இரண்டாவதை முதலாவதாக மாற்றுங்கள், கடைசியில் ###-ஐ இரண்டாவதாக மாற்றுங்கள்.

'மகன்' என்பதை 'மகள்' என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால் 'மணமகன்' எல்லாம் 'மணமகள்' ஆகிவிடும். 'செல்வன்' என்பதை 'செல்வி' என்று மாற்றினால் திருவளர்ச்செல்வன் சரியாக மாறும். கூடவே தாய்மாமன் தமிழ்ச்செல்வனும் தமிழ்ச்செல்வி ஆகிவிடுவார். இன்னொரு பக்கம், 'மகன்' என்று தேடினால் 'மகனுக்கும்' அகப்படாது, அங்கே புள்ளி இல்லையே. ஆகவே ரீப்ளேஸ் ஆல் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்து ரீப்ளேஸ் கொடுங்கள். முடிந்ததும் 'மகன', 'பேரன', 'செல்வன' என்று புள்ளியில்லாமல் ஒருமுறை தேடிப் பாருங்கள். விடுபட்டதெல்லாம் அப்போது வந்து நிற்கும்.

கட் செய்ததைத் தொலைத்துவிட்டால்

கட் செய்தபின் பேஸ்ட் செய்யாமல் வேறொன்றைக் காப்பி எடுத்துவிட்டால் விண்டோஸ் கீ + வி அழுத்துங்கள். கடைசி 25 வரை காட்டும். 2018-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி இது. முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் உதவும், ஆகவே இன்றே ஒருமுறை அழுத்தி ஆன் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் கல்யாண மண்டப முகவரியைப் பின் (pin) செய்துவைத்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் இருக்கும்.

பலர் வந்து உட்காரும் கடைக் கணினியில் இதே வசதி ஆபத்தும்கூட. ஒருவர் காப்பி எடுத்த ஆதார் எண்ணும் போன் எண்ணும் அடுத்தவர் கண்ணில் படும். வேலை முடிந்து வாடிக்கையாளர் எழுந்ததும் அதே பெட்டியில் கிளியர் ஆல் கொடுத்துவிடுங்கள். பின் செய்தவை மட்டும் மிஞ்சும்.